விலை கேளாமல் வாங்கிய மணம்

என் மூக்கைப் பற்றி நானேதான் எழுத வேண்டியிருக்கிறது. சாட்சி சொல்லக்கூடியவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மீதிப் பேருக்கு என்னைப் புகழ வாய் வராது. எழுபதுகளில் சிட்னியின் மேற்குப் பக்கமிருந்து நகரத்துக்கு ஓடிய காலை ரெயிலில் நீங்கள் ஏறியிருந்தால், வேலைக்குப் போகிற வெள்ளைக்காரப் பெண்களில் பெட்டிக்கு ஒருத்தியாவது என் பவுடரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத ஒருவன் செய்த வேலை அது. சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் கிடையாது. அது என் மனைவியை என்ன செய்தது என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் இத்தனை வருடம் பிடித்தது.

செவன் ஹில்ஸில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு முதல் வேலை. பவுடர், ஷாம்பூ, கைக்குப் பூசுகிற கிரீம் எல்லாம் அங்கே செய்தார்கள். நான் டிரம் உருட்ட எடுக்கப்பட்டவன். எங்களுக்கு மேலே மால்டாக்காரன் ஒருவன் போர்மனாக இருந்தான். கழுத்து இல்லாத மனிதன். தலை நேரே தோளில் உட்கார்ந்திருக்கும். மெல்பேர்னிலிருந்து வாசனை எண்ணெய் அலுமினியக் கலன்களில் லொறியில் வரும். ஒரு நாள் இறக்கும்போது ஒரு கலனைக் காட்டி, "இது எங்களுடையது இல்லை" என்றேன். மூடியைத் திறக்கவில்லை, மணத்தில்தான் தெரிந்தது. லேபல் சரியாகத்தான் இருந்தது. அவன் சிரித்தான். பிறகு திறந்து பார்த்தார்கள். வேறு யாருக்கோ போக வேண்டியது. அடுத்த கிழமை என்னைக் கலவை அறையில் போட்டான்.

அங்கேதான் தொழில் படித்தேன். ஷாம்பூவுக்கென்று ஒரு சொந்த நாற்றம் உண்டு. உங்களுக்கு அது தெரியாது. உங்களுக்குத் தெரியாமல் இருப்பதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம். குளிக்கிற சவர்க்காரம் மணத்தைத் தின்றுவிடும். பவுடர் அதை வைத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கொடுக்கும். ஒரே எண்ணெய் கிரீமில் ஒரு முகமும் பவுடரில் வேறொரு முகமும் காட்டும். இதையெல்லாம் எனக்கு யாரும் எழுதித் தரவில்லை. தந்திருந்தாலும் வாசித்திருக்க மாட்டேன்.

நாங்கள் அப்போது என் மனைவியின் அண்ணன் வீட்டில் இருந்தோம். அவர் டாக்டர். எங்களை அவுஸ்திரேலியாவுக்குக் கூப்பிட்டவரும் அவர்தான். கொழும்பிலே என் கடை நன்றாக ஓடிய நாளில் தங்கச்சியை எனக்குக் கொடுத்தார்கள். கடை நொடித்த பிறகு அந்தக் கல்யாணம் அவர்களுக்குக் கொஞ்சம் உறுத்தியது. வீட்டில் மாமியும், என் மனைவியின் அம்மா, இருந்தார். வெள்ளைச் சேலை கட்டிய, மெதுவாகப் பேசுகிற மனுஷி. மகன் வீடு என்றாலும் குசினியில் ஒரு பாத்திரத்தை இடம் மாற்றி வைக்கக்கூட மருமகளிடம் கேட்டுத்தான் செய்வார்.

வேலையிலிருந்து வந்து நான் சப்பாத்தைக் கழற்றும்போதே மச்சான் தொடங்குவார்.

"ஐசே, நீர் கேற்றைத் திறக்கேக்கையே தெரியுது. இண்டைக்கு என்ன, லாவண்டரோ?"

"எலுமிச்சை."

"நாளைக்கு மல்லிகையிலை வாரும். கத்தரிக்காய்க் கறிக்கு எடுபடும்."

"விடடா, மனிசன் வேலையாலை களைச்சு வாறார்" என்பார் மாமி.

"நான் ஒண்டும் சொல்லேல்லை அம்மா. ஆஸ்பத்திரியிலை இவ்வளவு மணம் இருந்தா நோயாளியள் வீட்டை போக மாட்டினம்."

பகிடிதான். ஆனால் அவருடைய மேசையில், அவருடைய சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு கேட்கிற பகிடி. என் மனைவி தலையை நிமிர்த்த மாட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின் வளவில் உடுப்புக் காயப் போட்டபடி சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, எனக்கு இஞ்சை சோறு இறங்குதில்லை. எங்களுக்கெண்டு ஒரு வீடு வேணும். சின்னனெண்டாலும் பரவாயில்லை. அதிலை அம்மாவுக்கு ஒரு அறை. அவவும் இஞ்சை விருந்தாளி மாதிரித்தான் இருக்கிறா."

"டிரம் உருட்டி வீடு வாங்கேலாது."

"ஓம், அது எனக்குத் தெரியும். அதுதான் உங்களிட்டைச் சொல்லுறன்."

அந்தச் சொல்லில் இருந்த நம்பிக்கை என்னைப் பிடித்து உலுக்கியது. சொந்தமாக ஒரு பவுடரும் அதற்குப் பொருத்தமான கொலோனும் போட வேண்டும் என்று தீர்மானித்தேன். எங்கள் சனத்துக்கு விற்பது. அப்போது தமிழ்க் குடும்பங்கள் ஒரு மண்டபத்துக்குள் அடங்கிவிடும். ஆனாலும் வந்துகொண்டே இருந்தார்கள். எல்லோரும் ஊரிலிருந்து கொண்டுவந்த பவுடர்ப் பேணி முடிய முடியத் தட்டித் தட்டிப் பூசிக்கொண்டிருந்தார்கள். சரக்கு இல்லாத சந்தை. வியாபாரி மகிழ வேறென்ன வேண்டும்?

எந்த மணம்? அதுதான் கேள்வி. படித்தவன் என்றால் நாலு பேரைக் கேட்டிருப்பான். நான் என் அனுபவத்தைக் கேட்டேன். யாழ்ப்பாணத்தில் பெரியகடை என்கிற கடைத்தெருவில் பத்து வயதிலிருந்து ஒரு சாமான் கடையில் நின்றவன் நான். வளையலுக்குப் பேரம் பேசுவார்கள். கண்ணாடிக்கும் சீப்புக்கும் பேரம் பேசுவார்கள். மணச் சவர்க்காரத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, விலையைக் கேட்டுவிட்டு, வைத்துவிட்டுப் போவார்கள். ஒரே ஒரு பொருளை மட்டும் விலை கேளாமல் வாங்கினார்கள். மேல் தட்டில் இருந்த ஓடிக்கொலோன் என்கிற வாசனைத் தண்ணீர்ப் போத்தல். ஆண்கள்தான் வருவார்கள். சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு, "ஓடிக்கொலோன், ரெண்டு தா, கெதியாத் தா" என்பார்கள். கூடவே நல்ல சந்தனம், பன்னீர், கொஞ்சம் கற்பூரம். மிச்சக் காசைக்கூட எண்ண மாட்டார்கள். காய்ச்சல்காரருக்கு நெற்றியில் ஒற்றுவார்கள் என்று எனக்குத் தெரியும். மற்றபடி எங்கே போகிறது என்று முதலாளி கேட்க விட மாட்டார்.

இந்த நாலும் சேர்ந்த மணம்தான் எங்கள் சனத்தின் நெஞ்சில் இருக்கிறது என்று முடிவு கட்டினேன். யாழ்ப்பாணத்தான் பேரம் பேசாமல் வாங்கிய ஒன்று பொய்யாக இருக்குமா?

தொழிற்சாலையில் லீவு போட்டுவிட்டு மெல்பேர்ன் போனேன். பஸ்ஸில் கால் மடக்கவும் இடமில்லை. எங்களுக்கு வாசனை எண்ணெய் அனுப்புகிற இடத்தில், வெள்ளைக் கோட்டுப் போட்ட கிழவர் ஒருவர் இருந்தார். சுவர் முழுக்கச் சான்றிதழ். அவருக்கு முன்னால் சின்னச் சின்னப் போத்தல்கள், காகிதக் கீற்றுகள். என் ஆங்கிலம் கையால் பேசுகிற ஆங்கிலம். சந்தனத்தைக் காட்டி இன்னும் என்றேன். ரோஜாவைக் காட்டிப் பழசாக வேண்டும் என்றேன். வாடிய ரோஜா, இரண்டாம் நாள் ரோஜா. கற்பூரம் நுனி நாக்கில் பட்ட மாதிரி மட்டும். எலுமிச்சைப் பூவும் தோடம்பழத் தோலும் மேலே. கீற்றை ஆட்டி ஆட்டி முகர்ந்தோம். மாலையாகும்போது அது வந்துவிட்டது. பெரியகடை மேல் தட்டு அப்படியே என் மூக்குக்குக் கீழே நின்றது.

கிழவர் கண்ணை மூடிக்கொண்டு கீற்றை வெகுநேரம் வைத்திருந்தார். "அழகாக இருக்கிறது. ஆனால் சோகமாக இருக்கிறது" என்றார். "எதற்கு உபயோகிப்பார்கள்?"

"சந்தோஷத்துக்கு" என்று சொல்லிவிட்டு வந்தேன். வெள்ளைக்காரனுக்கு எங்கள் மணத்தில் என்ன தெரியும் என்று பஸ் முழுக்கச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

கொலோனை அவர்களே போத்தலில் அடைத்து அனுப்பினார்கள். பவுடரை மச்சானின் கராஜில், ஒரு பழைய கலவை உருளையை வாடகைக்கு எடுத்துக் கலந்தேன். முதல் பேணியை மனைவியிடம் கொடுத்தேன். மூடியைத் திறந்தாள். முகர்ந்தாள். திரும்ப மூடினாள்.

"எப்பிடி?"

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பொம்பிளையள் சந்தோஷத்தில் பேச மாட்டார்கள் என்று நினைத்தேன்.

சித்திரை வருஷப்பிறப்புக்கு ஒரு தேவாலயத்தின் மண்டபத்தை எடுத்துத் தமிழ்ச் சனம் கூடியது. வாசலில் சந்தனமும் குங்குமமும் வைத்துப் பன்னீர் தெளிக்கிற வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். பன்னீர்ச் செம்பில் பன்னீர் இல்லை, என் கொலோன். பக்கத்து மேசையில் மயில் படம் போட்ட பவுடர்ப் பேணிகளை அடுக்கி வைத்தேன். புதுச் சேர்ட்டுப் போட்டிருந்தேன். வந்தவர்கள் மீதெல்லாம் தாராளமாகத் தெளித்தேன். ஆண்கள் கையைத் தேய்த்துக்கொண்டு, "ஆகா, நல்ல சாமான்" என்று உள்ளே போனார்கள். பெண்கள் முகம் மாறியதை நான் வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

மாமி வாசலிலே நின்றார். சேலைத் தலைப்பை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"தம்பி, இது எங்காலை?"

"என்ரை சொந்தச் சரக்கு மாமி. எப்பிடி?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. மண்டபத்துக்குள்ளே பார்த்தார், யாரையோ தேடுகிற மாதிரி. "ஆர் மோசம் போனது? செத்த வீடோ?" என்று கேட்டார்.

"ஒருத்தரும் இல்லை மாமி. இண்டைக்கு வருஷப்பிறப்பு."

"மாமாவைக் கிடத்தியிருந்த அறை இப்பிடித்தான் மணந்தது" என்றார் மாமி. சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் பின்னால் நின்ற பெண்கள் எல்லோருக்கும் கேட்டது. கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அவர்களுக்கு ஏற்கனவே தெரிந்திருந்தது.

எங்கள் ஊர் வழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். செத்த வீட்டில் ஆண்கள் வெளியே பந்தலுக்குக் கீழே கதிரையில் இருந்து வெற்றிலை போட்டு, சுருட்டுக் குடித்து, அரசியல் பேசுவோம். உள்ளே பிணத்தைச் சுற்றி இருப்பவர்கள் பெண்கள். சந்தனமும் கற்பூரமும் பன்னீரும், உடம்பு பழுதாகிற மணத்தை அமத்துவதற்குத் தெளித்த ஓடிக்கொலோனும், வாடுகிற மாலையும் சேர்ந்து கனக்கிற அந்த அறைக்குள் அவர்கள்தான் பகல் முழுக்க இருப்பார்கள். நான் எத்தனையோ செத்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். பந்தலைத் தாண்டி உள்ளே போய் நின்றதில்லை. என்னைப் பெற்றவர்கள் போனபோது எங்கள் வீட்டில் ஓடிக்கொலோனுக்கு வழியும் இருக்கவில்லை.

மண்டபத்தின் பின்பக்கக் குசினியில் ஒரு தண்ணீர்க் குழாய் இருந்தது. பெண்கள் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக அங்கே போனார்கள். கை கழுவினார்கள், முகம் கழுவினார்கள், சிலர் சப்பாத்தைக் கழற்றிக் காலும் கழுவினார்கள். செத்த வீட்டிலிருந்து வந்தவர்கள் கழுவாமல் சோற்றைத் தொட மாட்டார்கள். பொங்கல் ஆறிக்கொண்டிருந்தது. என் செம்பில் இன்னும் பாதி இருந்தது.

மச்சான் விடுவாரா? தோளில் தட்டினார். "ஐசே, சனம் சாக முதலே வழியனுப்பத் துவங்கிட்டீரோ? நல்ல பிஸ்னஸ். நான் ஆஸ்பத்திரியிலை இருந்து ஆக்களை அனுப்பிவிடுறன், எனக்குக் கொமிஷன் தாரும்."

ஆண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

வீட்டுக்குப் போகிற வழியில் மனைவி சொன்னாள். "எனக்கு முதல் நாளே விளங்கினது. அப்பான்ரை ஞாபகமா இருக்குமெண்டு நினைச்சன். எனக்கு மட்டும்தானாக்குமெண்டு."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"வீடு வாங்கிற முகத்தோடை நிண்டனீங்கள். என்னெண்டு சொல்லுறது?"

ஒரு பேணிகூடத் தமிழ்ச் சனத்துக்குள் போகவில்லை. கராஜில் பெட்டிகள் கூரை வரை நின்றன. மச்சானின் கார் மழையில் நனைந்தது. அதற்கும் பகிடி வந்தது. வேறொருவன் என்றால் எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிட்டு டிரம் உருட்டப் போயிருப்பான். நான் ஒரு பேணியைப் பையில் போட்டுக்கொண்டு பரமட்டாவில் ஒரு மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்காரி நரைத்த தலை மனுஷி. பவுடரைப் புறங்கையில் தட்டினாள், முகர்ந்தாள், மறுபடி முகர்ந்தாள்.

"யாரோ என்னை அக்கறையாகப் பார்த்துக்கொள்கிற மாதிரி இருக்கிறது" என்றாள்.

அவள் சொன்னது எவ்வளவு சரி என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. பிணத்தைப் போல அக்கறையாக நாங்கள் வேறு யாரைப் பார்த்துக்கொண்டோம்?

அவள் ஒரு பெட்டி வாங்கினாள். முடிந்ததும் இரண்டு பெட்டி கேட்டாள். பிளக்டவுனில் ஒரு கடை, ஸ்ட்ரத்பீல்டில் ஒரு கடை, பிறகு நகரத்துக்குள்ளே. நானே பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு படியேறினேன். கறுப்பன் வந்திருக்கிறான் என்று முன்கதவால் துரத்தினார்கள். பின்கதவால் போய் விற்றேன். தொழிற்சாலை வேலையை விட்ட அன்று மால்டாக்காரன் கையைப் பிடித்து உலுக்கினான். மெல்பேர்ன் கிழவருக்கு மறுபடி மறுபடி ஓடர் போனது. செவன் ஹில்ஸில் சிமெந்துத் தகட்டுச் சுவர் வைத்த சின்ன வீடொன்றை எங்கள் பெயருக்கு வாங்கினோம். மச்சான் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை ஐசே" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக நான் மறுபடியும் டிரம் உருட்டுவேன்.

மாமியும் வந்தார். கிழக்கு யன்னல் வைத்த அறையை மனைவி அவருக்கென்று வெள்ளை அடித்து வைத்திருந்தாள். மாமி யன்னல் கட்டையைக் கையால் தடவிப் பார்த்து, "சாமிப் படத்தை இஞ்சை வைக்கலாம்" என்றார். பிறகு குசினிக்குப் போய், யாரிடமும் கேட்காமல், ஒரு சட்டியை எடுத்து அடுப்புக்கு அந்தப் பக்கம் வைத்தார். மனைவி என்னைப் பார்த்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை.

குளிர் குறைந்ததும் மாமி எங்களோடு இருக்க வந்துவிடுவதாகப் பேச்சு. குளிர் குறைய முதல் மாமிக்கு நெஞ்சுவலி வந்தது. மச்சான் வேலை செய்த ஆஸ்பத்திரியிலேயே, அவர் பக்கத்தில் நிற்கும்போதே போய்விட்டார்.

சிட்னியில் அப்போது எங்கள் சனத்தில் செத்த வீடு நடத்தித் தெரிந்தவர்கள் இல்லை. பந்தல் இல்லை, பறை இல்லை, சடங்குக்குச் சுண்ணப்பொடி இடிக்க உரல் இல்லை. கறுப்புக் கோட்டுப் போட்ட வெள்ளைக்காரன் ஒருவன் தன் கட்டடத்தில் ஒரு அறையைக் கொடுத்தான். மாமியை அதற்குள் வைத்திருந்தான். ஆண்களும் பெண்களும் ஒரே அறைக்குள் கதிரை வரிசையில், சினிமாவுக்கு வந்தவர்கள் மாதிரி இருந்தோம். அறைக்குள் பைன் மர மணம். தகரப் பேணியிலிருந்து அடிக்கிற ஸ்பிரே, கழிவறைக்கு அடிப்பது. எந்த விலைச் சாமான் என்றுகூட என் மூக்குக்குத் தெரிந்தது. ஒருவரும் அழவில்லை. அழ வரவில்லை.

மனைவி மாமியின் தலைமாட்டில் நின்றாள். குனிந்து முகர்ந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"உங்கடை போத்திலைக் கொண்டு வாங்கோ."

நான் மச்சானைப் பார்த்தேன். அவர் கார்த் திறப்பைப் பொக்கெற்றிலிருந்து எடுத்து என் கையில் வைத்தார். அவ்வளவுதான்.

ஒரு பெட்டியோடு திரும்பி வந்தேன். மனைவி போத்தலைத் திறந்து கைநிறைய ஊற்றி மாமியின் நெற்றியிலும் கையிலும் காலிலும் ஒற்றினாள். மற்றப் பெண்களும் எழுந்து வந்து ஆளுக்கொரு போத்தலை எடுத்தார்கள். வருஷப்பிறப்பன்று கை கழுவிய அதே பெண்கள். பைன் மரம் ஓடி மறைந்தது. அறை கனத்தது. அப்போதுதான் ஒருத்தி குரலெடுத்தாள். அவளைப் பிடித்துக்கொண்டு இன்னொருத்தி. மச்சான் சுவரில் தலையை முட்டிக்கொண்டு, "அம்மா" என்று சின்னப் பிள்ளை மாதிரிக் கத்தினார். கறுப்புக் கோட்டுக்காரன் பயந்து கதவைச் சாத்திவிட்டுப் போனான்.

என் சரக்கு அது போக வேண்டிய இடத்துக்குப் போனது அன்றைக்குத்தான். பெருமையாக இருந்தது. மாமியின் தலைமாட்டில் நின்று பெருமைப்பட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்து மனைவி வேலைக்குத் திரும்பினாள். நகரத்தில் ஒரு அலுவலகத்தில் டைப் அடிக்கிற வேலை. முதல் நாளே நேரத்தோடு வந்துவிட்டாள். வழியில் இறங்கி அடுத்த ரெயிலில் ஏறி, அதிலும் இறங்கி வந்ததாகச் சொன்னாள்.

"என்ன நடந்தது?"

"பக்கத்திலை ஒருத்தி வந்து இருந்தாள். அம்மா மணந்தா."

அவள் நேரே குளியலறைக்குப் போய்த் தலை முழுகினாள். அடுத்த நாளும் முழுகினாள். பிறகு ஒவ்வொரு நாளும், செத்த வீட்டிலிருந்து வந்தவள் மாதிரி, ஒன்றையும் தொடாமல் நேரே குழாய்க்குத்தான். ரெயிலில், லிப்டில், கடை வரிசையில், எங்கே திரும்பினாலும் என் வாடிக்கைக்காரிகள். நான் அவ்வளவு நன்றாக விற்றிருந்தேன்.

மெல்பேர்ன் போய்க் கிழவரிடம் மணத்தை மாற்றச் சொன்னேன். ரோஜாவைக் குறைத்து, கற்பூரத்தை எடுத்து, மல்லிகை போட்டார். கடைகளுக்கு அனுப்பினேன். பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தது. "பழையதைக் கொடு" என்றார்கள். அந்த மாதம் வீட்டுக் கடனுக்குக் கட்ட வேண்டியதை மச்சானிடம் கேட்க வேண்டிய நிலை வந்தது. நான் கேட்கத் தயாராக இருந்தேன். அவள் விடவில்லை.

"பழையதையே போடுங்கோ" என்றாள். "திரும்ப அண்ணை வீட்டை போகேலாது. அம்மாவும் அதைத்தான் சொல்லியிருப்பா."

"அப்ப நீர்?"

"நான் முழுகிறன்."

அவள் நகர வேலையை விட்டாள். வீட்டுக்குக் கிட்ட, நடந்து போகிற தூரத்தில் ஒரு துணி தைக்கிற இடத்தில் சேர்ந்தாள். நான் எங்கள் வீட்டுக் கராஜில் உடுப்பு மாற்றி, கராஜிலேயே குளித்து, பிறகுதான் வீட்டுக்குள் கால் வைப்பேன். வீட்டுக்குள் பவுடர் இல்லை, மணச் சவர்க்காரம் இல்லை, தலைக்கு வைக்கிற எண்ணெயும் வெறும் தேங்காய் எண்ணெய். துணி தோய்க்கிற கட்டிச் சவர்க்காரத்தால்தான் இருவரும் குளித்தோம். கிழக்கு யன்னல் அறையில் சாமிப் படம் இருந்தது. அதற்கு ஊதுபத்திகூட வைக்க மாட்டாள், விளக்கு மட்டும்.

கடைகளில் என் மயில் பேணி கண்ணாடிக்குள் நின்ற வருடங்கள் அவை. ஊரார் என்னை முதலாளி என்று கூப்பிடத் தொடங்கிய வருடங்கள். வேலை முடிந்து வந்து குசினிக் கதிரையில் இருப்பேன். அவள் ஈரத் தலையோடு அடுப்படியில் நிற்பாள். பழக்கதோஷத்தில் மூக்கை உறிஞ்சிப் பார்ப்பேன். சோறு வேகிற ஆவி வரும். அவளிடமிருந்து ஒன்றும் வராது.